1865 என்று எழுதிய ஓடு

வணக்கம் சார்,

போன மாதம் நீங்கள் திண்ணைகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோதே உங்களுக்கு எழுத நினைத்தேன். எங்கள் குடும்ப வீடு கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. செங்கல் வீடு. திண்ணை, ரேழி என்கிற வாசல் நடை, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அப்புறம் இரண்டாங்கட்டு என்கிற பின்பகுதி, கொல்லை, கிணறு என்று ரயில் மாதிரி நீளமாகப் போகும். அப்பா காலமான பிறகு பூட்டியே கிடக்கிறது. எனக்கும் பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேருக்குமாக மூன்று பங்கு.

போன ஐப்பசி மழையில் தாழ்வாரத்து ஓடு கொஞ்சம் சரிந்து விழுந்தது. விழுந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் 'பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், 1865' என்று ஆங்கிலத்தில் அச்சு. கொள்ளுத்தாத்தாவின் அப்பா கட்டிய வீடு என்று மட்டும்தான் இதுவரை எங்களுக்குத் தெரியும். இப்போது வருஷமே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு 160 வயது, சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு விழா எடுக்கலாம், பேனர் அடிக்கலாம் என்கிறார் பெரிய அண்ணன்.

இரண்டாங்கட்டு மட்டும் வேறு மாதிரி. அங்கே ஓடு இல்லை, மேலே மொட்டை மாடி. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் இரும்பு கர்டரும் மரச்சட்டமும், நடுவில் சின்னச் சின்னச் செங்கல்லும் தெரியும். கர்டரில் துரு போக மிச்சமாக 'லாங்', 'மிடில்ஸ்பரோ', 'இங்கிலாந்து' என்று படிக்க முடிகிறது. முன்பக்கச் சுவர் இரண்டடி கனம், பின்பக்கம் அதில் பாதிதான். ஏன் இப்படி?

இப்போது அவசரமான விஷயம். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை பொரிந்து கொட்டுகிறது. பார்க்க வந்த இன்ஜினியர் "உப்பு, எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டு சிமென்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் அடித்து, மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம்" என்றார். ஊர்க் கொத்தனாருக்கு எழுபதுக்கு மேல் வயது. "சிமென்ட்டை மட்டும் வைக்காதீங்கம்மா" என்கிறார். ஏன் என்று கேட்டால் "வைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்கிறார். சின்ன அண்ணன், இரண்டு பேச்சும் வேண்டாம், இடித்து மனையாகப் பிரித்துக்கொள்வோம் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., பெங்களூர்

*

அன்புள்ள எஸ்.,

முதலில் பேனரை நிறுத்தி வையுங்கள். அந்த 1865 உங்கள் வீட்டின் வயது இல்லை. அந்த ஓட்டின் வயதுகூட இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம் அது. பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் அங்கத்திய ஆற்றுக் களிமண்ணை வைத்து, ஒன்றோடொன்று கொக்கி போட்டு உட்காரும் தட்டை ஓட்டை அச்சில் அழுத்திச் செய்யும் வேலையைத் தொடங்கினார். மதம் மாறியவர்கள் சாதியும் தொழிலும் போய் நின்றதால் அவர்களுக்குப் பிழைப்பு காட்ட மிஷன் ஆரம்பித்தது நெசவும் ஓடும். தொடங்கிய வருஷத்தை அச்சிலேயே வெட்டிவிட்டார்கள், அப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து வந்த ஓட்டிலும் அதே 1865தான் விழுந்தது. ஜவுளிக்கடைப் பையில் கடை ஆரம்பித்த வருஷம் போட்டிருப்பார்களே, அதை வைத்துக்கொண்டு புடவை எடுத்த வருஷத்தைச் சொல்ல முடியுமா?

உங்களைப் போல ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதியவர்கள் இதற்கு முன்னும் உண்டு. எல்லாருக்கும் இதே வருத்தமான பதிலைத்தான் சொன்னேன்.

ஆனால் ஓடு வேறொன்றைச் சொல்கிறது. முதல் உலகப் போர் வந்ததும், மிஷனில் ஜெர்மானியர்கள் நிறையப் பேர் இருந்ததால், அதன் தொழில்களை ஆங்கிலேய அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1919-ல் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியின் கைக்குப் போயின. ஆக, மிஷன் பெயரோடு இருக்கும் ஓடு 1865-க்கும் அந்தப் போருக்கும் நடுவில் எப்போதோ சுட்டது என்பது என் ஊகம். அதுவும் ஓட்டுக்குத்தான். வீட்டுக்கு முதலில் நாட்டு ஓடு போட்டிருந்து, காசு வந்தபோது சீமை ஓடு மாற்றியிருக்கலாம். நம் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாட்டு ஓட்டுக்கு வரிச்சியை, அதாவது ஓட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டத்தை, நெருக்கி நெருக்கி அடிக்க வேண்டும். மங்களூர் ஓட்டுக்கு ஓரடிக்கு ஒரு ரீப்பர் போதும். சரிந்த இடத்தில், கூரையின் சாய்வு மரமான கைமரத்தின் முதுகைத் தடவிப் பாருங்கள். இப்போதைய ரீப்பருக்குச் சம்பந்தமே இல்லாமல் நெருக்கமாகப் பழைய ஆணித் துளைகள் இருந்தால், அது இரண்டாவது கூரை. வீடு ஓட்டைவிட மூத்தது.

இரண்டாங்கட்டு வேறு தலைமுறையின் வேலை, அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் படித்தது டோர்மன் லாங் என்ற கம்பெனியின் முத்திரையாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ நகரத்தில் 1875-ல் தொடங்கியது. பின்னால் சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் இவர்கள்தான். அவர்கள் உருட்டிய கர்டர் கப்பலேறி வந்து ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, உங்கள் கிராமம் வரை மாட்டு வண்டியில் வந்திருக்கும். ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு வார்த்தது 1912-ல், அதன் பிறகு கட்டிய வீடுகளில் கர்டரில் டாடா பெயரும் வரும். உங்களுடையதில் சீமைப் பெயர் இருப்பதால் அதற்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது, பின்னாலும் சீமை இரும்பு வந்துகொண்டுதான் இருந்தது. 1880-களுக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை என்று மட்டும் சொல்லலாம். மரச்சட்டம் பர்மா தேக்காக இருந்தால், எந்த வருஷத்துக்குப் பிறகு இருக்காது என்பதற்கும் ஒரு துப்பு கிடைக்கலாம்: 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்த மரம் வருவது தடைப்பட்டது.

அந்தத் தளத்தை நன்றாகப் போட்டோ எடுத்து வையுங்கள். வெள்ளைக்கார இன்ஜினியர்கள் அதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வைத்தார்கள். கர்டருக்குக் குறுக்கே ஒரு அடி, ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக மரச்சட்டம். அதன்மேல், தளத்துக்கென்றே அறுத்த சின்னச் செங்கல், ஒரு அங்குல கனம், மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல நீளம். அதைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பு தடவி, முன்னால் வைத்த கல்லோடு ஒட்டிக் கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். சாரம் இல்லை, பலகை இல்லை, சென்டரிங் என்ற பேச்சே இல்லை. சுவர் மூலையில் தொடங்கிச் சாய்வாக வரிசை வரிசையாக நகர்ந்து போவார்கள். நீங்கள் அண்ணாந்து பார்க்கும்போது கல் வரிசை சுவருக்கு நேராக இல்லாமல் கோணலாக ஓடுகிறதா என்று பாருங்கள், அது அதனால்தான். அது இறுகிய பிறகு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலத்துக்குக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கட்டை எகிறித் திரும்பி வருகிற வரை, நாள் கணக்காக. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு இரண்டு வரிசை. வெயில் காலத்தில் அந்தத் தளத்தின் கீழே படுத்தவர்களுக்கும் கான்கிரீட் தளத்தின் கீழ் படுத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சுவர் கனத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஏன் செங்கல் என்று ஒரு நிமிஷம். உங்கள் ஊரில் குழி தோண்டினால் கல் வராது, வண்டல்தான் வரும். கல் வேண்டுமென்றால் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் போக வேண்டும். அதனால் டெல்டாவில் வீடு மட்டும் இல்லை, ஒரு காலத்தில் சாமியும் செங்கல்லில்தான் இருந்தார். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கல்லாக மாற்றினார். கணவர் கண்டராதித்தர் பெயரால் அவர் கட்டுவித்த கோனேரிராஜபுரம் கோயில் உங்கள் பக்கம்தான், அடுத்த முறை ஊருக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்குப் பிடித்த இன்னொரு கல்வெட்டு மண்டகப்பட்டில் இருக்கிறது, விழுப்புரம் பக்கம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் மகேந்திர பல்லவன் பெருமை அடித்துக்கொள்கிறான். அவன் வேண்டாம் என்று தள்ளிய நாலும் சேர்ந்ததுதான் உங்கள் வீடு.

இரண்டடிச் சுவரைப் பலத்துக்காக என்று சொல்வார்கள். பாதி உண்மை. சுண்ணாம்புச் சாந்து சிமென்ட் மாதிரி கல்லை இறுக்கிப் பிடிக்காது, மெத்தென்று இருக்கும். அதனால் சுவர் தன் எடையிலேயே அசையாமல் உட்கார வேண்டும். பல வீடுகளில் உள்ளும் வெளியும்தான் ஒழுங்கான செங்கல் வரிசை, நடுவில் உடைந்த கல்லும் செம்மண் சேறும் போட்டு நிரப்பியிருப்பார்கள். (சுவரில் விளக்கு வைக்கும் மாடப்பிறையை ஆழமாக்குகிறேன் என்று தோண்டியவர்கள் வீட்டில் சுவர் உள்ளுக்குள் பொலபொலவென்று கொட்டிய கதை இதனால் வந்ததுதான்.) முன்கட்டுச் செங்கல் கனம் ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று மெலிதாக இருந்தால், அது ஊர்ச் சூளையில் உமியும் விறகும் வறட்டியும் போட்டுச் சுட்டது. அந்தச் சூட்டில் மெல்லிய கல்தான் உள்வரை வேகும். பின்கட்டில் ஒன்பது, நாலரை, மூன்று என்ற அளவு வந்தால் அது வெள்ளைக்காரன் காலத்துப் பொதுப்பணி அளவு. கல் ஒரே சீராக வந்ததும், மேலே பாரத்தைத் தாங்க கர்டர் வந்ததும் சுவரைப் பாதியாக்கும் தைரியமும் வந்துவிட்டது. அவ்வளவு கனத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. மத்தியானம் மேற்குச் சுவரில் விழும் வெயில் உள்ளே வந்து சேர ராத்திரி ஆகிவிடும். அதற்குள் முற்றத்தில் வானம் குளிர்ந்திருக்கும்.

இப்போது உப்பு. உங்கள் இன்ஜினியர் நோயைச் சரியாகத்தான் சொன்னார், மருந்துதான் தப்பு. கொத்தனார் சரியான மருந்து தெரிந்தவர், காரணம் சொல்ல அவருக்கு அவசியம் வந்ததில்லை. நான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் வரிசை எதுவும் கிடையாது. தரையில் இருக்கும் தண்ணீரைச் செங்கல் திரி மாதிரி உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், முழங்கால் உயரத்துக்குள்ளேயே காய்ந்துவிடும். காயும்போது தண்ணீரில் கரைந்து வந்த உப்பு அங்கே தங்கி, பூத்து, காரையைப் பெயர்க்கும். ஆமாம், காரை கொட்டும். கொட்ட வேண்டியது அதுதான். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை காரையை மாற்றினால் கல் பிழைக்கும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசினால் ஈரத்துக்கு வெளியே வழி இல்லை. வழி தேடி மேலே ஏறும். உப்பு கல்லுக்குள்ளேயே பூக்கும். டைல்ஸ் ஒட்டினால் கேட்கவே வேண்டாம், நாலாவது அடியில் ஆரம்பிக்கும்.

இது படித்துத் தெரிந்துகொண்டதில்லை. 1998-ல் தங்கை கல்யாணத்துக்காக எங்கள் வீட்டுக் கூடத்துக்கு நான்தான் சிமென்ட் பூச வைத்தேன். பளபளவென்று பெயின்ட். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் புது வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு மழைக்காலம் போனதும் ஈரம் மார்பு உயரத்துக்கு வந்து நின்றது. கொத்திப் பார்த்தபோது சிமென்ட் மட்டும் ஒரு தகடு மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது, அதன் பின்னால் இருந்த செங்கல்லை விரலால் சுரண்ட முடிந்தது. வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேண்டாம் என்று அம்மா சொன்னார், கேட்காதவன் நான்.

சுண்ணாம்பின் சங்கதியே தனி. கடற்கரைக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போகிறது. தண்ணீர் விட்டால் கொதித்துப் பொடியாகி நீர்த்துவிடுகிறது. மணலோடு அரைத்துச் சுவரில் பூசியதும், காற்றில் இருக்கும் அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, வருஷக் கணக்கில் மறுபடி கிளிஞ்சலாகவே மாறுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு பூச்சும் முடி மாதிரியான வெடிப்புகளுக்குள் இறங்கி அடைத்துவிடும். உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது வெள்ளையடித்தீர்கள்? டிஸ்டெம்பரும் எமல்ஷனும் கணக்கில் சேராது.

அதனால் சுவரைத் தொடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைப் பெயர்க்காமல் மேலேயே போட்டிருப்பார்கள், வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் உங்கள் அஸ்திவாரத்தைப் பார்த்து ஓடி வரும். கொல்லையில் சிமென்ட் தளம் போட்டிருந்தால் சுவரை ஒட்டி இரண்டடிக்கு உடைத்துவிடுங்கள், மண் மூச்சு விடட்டும். முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் தூம்பு அடைத்திருக்கும், பூட்டிய வீடுகளில் எலி முதலில் கைவைப்பது அங்கேதான். சரிந்த ஓட்டை மழைக்கு முன்னால் ஏற்றிவிடுங்கள். அப்புறம் பொரிந்த காரையைக் கொத்திவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காய விடுங்கள். பூசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தில் சுதை வேலை செய்பவர்களுக்குச் சுண்ணாம்பு பழகிய கை. கும்பகோணம் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பஞ்சமா? உங்கள் ஊர்க் கொத்தனாரைக் கூடவே நிறுத்துங்கள். எழுபதுக்கு மேல் என்றீர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இடிப்பதைப் பற்றி. இடிக்கக் கூடாது என்று வெளியே இருந்து நான் சொல்வது சுலபம். எங்கள் வீட்டையே நாங்கள் விற்றுவிட்டோம், வாங்கியவர் அடுத்த தையில் தரைமட்டமாக்கினார். எனவே எனக்கு உபதேசம் செய்யும் தகுதி இல்லை. ஆனால் உங்கள் சின்ன அண்ணனிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். முன்கட்டுத் தூணும் நிலையும் கதவும் மட்டும் என்ன விலை போகும் என்று பழைய மரக் கடைகளில் விசாரிக்கட்டும். முதலில் வருபவரிடம் கொடுக்க வேண்டாம், மூன்று பேரிடமாவது கேளுங்கள். மனையைப் பிரித்து விற்பதில் வருவதையும், முன்கட்டை வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கத்தை மட்டும் பிரிப்பதில் வருவதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த முடிவுக்கு வந்தாலும் அதற்கு முன் ஒரு நாள் ஊரில் தங்கி, டேப் வைத்து வீட்டை முழுசாக அளந்து, ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. இப்போது எங்கள் ரேழி எத்தனை அடி என்று எனக்கும் தங்கைக்கும் சண்டை.

கடைசியாக, வயது. கட்டின வருஷம் செங்கல்லிலும் ஓட்டிலும் அகப்படாவிட்டால் மூலப் பத்திரத்தைப் பாருங்கள், பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். பழைய பத்திரங்களில் நாலெல்லைக்குப் பக்கத்தில் வீட்டையும் விவரித்திருப்பார்கள், கூரை வீடா, நாட்டோடு போட்ட வீடா, மச்சு வீடா, மனை மட்டும்தானா என்று. பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தால் இன்னும் நல்லது, எந்தக் கட்டு யாருக்கு என்று எழுதும்போது இரண்டாங்கட்டு அப்போது இருந்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். கையெழுத்து புரியாவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன். வருஷம் தெரிந்த பிறகு அண்ணன் பேனர் அடிக்கட்டும்.